ரோதை முனியும் அட்டையில்லாப் புத்தகங்களும்

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வழியில்லை. நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். இருமுகிறாய், இங்கே கேட்கிறது. எழுந்து வந்து நாலு வார்த்தை பேசினால் முடிகிற காரியத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். காரணம் உனக்குத் தெரியும். நான் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் ஏறிவிடும். உடனே உன் அம்மா அடுப்படியிலிருந்து, "எஞ்சினோட பேசுற மாதிரி புள்ளையோட பேசாதீங்க" என்பாள். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய தொண்டை இது. காகிதத்தில் கத்த முடியாது என்பதால் எழுதுகிறேன். பாசம் பொங்கி எழுதும் அப்பாக்கள் இருக்கிறார்கள், அவர்களெல்லாம் கிழவர்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. இருபது வயதில் உன்னைக் கையில் வாங்கியவன் நான். பொறுமை அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். பேராதனையில் தத்துவம் படிக்க இடம். நான் படித்துவிட்டு, தண்ணீர்ச் செம்பை அதன் மேல் வைத்தேன். அது தப்பு, கடிதத்தில் வட்டமாக ஈரம் பட்டுவிட்டது. "தத்துவமா? அத வச்சு என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். "படிப்பேன்ப்பா" என்றாய். "படிச்சு?" என்றேன். பதுளை ஒர்க்‌ஷாப்பில் உனக்காக நான் யார் யாரிடம் போய் நின்றேன், திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள், கையில் தொழில் இருந்தால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நீ சோற்றைப் பிசைந்தபடியே, "சரிப்பா. நீங்க சொல்ற மாதிரியே செய்றேன்" என்றாய்.

நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். நான் வேலை பார்க்கிற தேயிலை ஃபாக்டரி ஸ்டோரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் இருக்கிறதே, அதன் முள் ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் புதிதாக வந்தவன் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். நான் மீட்டரைத் தட்டிப் பார்ப்பேன். ஓடுகிற எஞ்சினில் முள் கொஞ்சமாவது ஆடவேண்டும். ஆடவில்லை என்றால் அது எங்கோ ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். நீ "சரிப்பா" என்று சொன்னபோது ஒட்டிப்போன அந்த முள்தான் ஞாபகத்துக்கு வந்தது. நீ அப்படிச் சொல்லுகிற பையன் இல்லை. உன்னை அப்படி ஆக்கியது யார் என்று கண்டுபிடிக்க ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருடம் உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். வெள்ளைக்காரத் துரை நாயையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போனார். புத்தகங்களை விட்டுவிட்டுப் போனார். பங்களாச் சமையற்காரர் அதைச் சாக்குச் சாக்காகக் கட்டி, தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு எரிக்கக் கொடுத்தனுப்பினார். கொழும்பிலிருந்து எந்தச் சாமானும் வராத காலம் அது. ஒரு போல்ட் நட்டுக்கு மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கவேண்டும். இரண்டு இரும்புக்கு நடுவே தண்ணீர் கசியாமலிருக்க வைக்கிற காஸ்கெட் ஷீட் பதுளைக் கடைகளில் பார்க்கக்கூடக் கிடைக்காது. நான் சாக்கைப் பிரித்ததும் கண்ணில் பட்டது எழுத்து இல்லை, அட்டை. அருமையான, கெட்டியான, பழைய காலத்து அட்டை. எண்ணெயில் ஊறவைத்தால் காஸ்கெட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நல்ல அட்டை உள்ளதையெல்லாம் உரித்து எடுத்துக்கொண்டேன். உரித்த புத்தகங்களைப் பழைய இரும்புப் பெட்டியில் போட்டேன். எண்ணெய்க் கை துடைக்கக் காகிதம் வேண்டுமே, அதற்காக. மேற்கு நாடுகளையே உருவாக்கிய யோசனைகள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன என்று நீ பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு அவை கைத்துணி.

பள்ளிக்கூட லீவுக்கு வந்த நீ அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டவன் வெளியே எடுக்கவில்லை. ஒரு பக்கத்துக்குப் பத்துத் தடவை அகராதியைப் புரட்டினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அரிசியில் கல் பொறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கதை மாதிரிச் சொல்வாய். நான் வானொலியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, கேட்காதது மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு கிரேக்கக் கிழவர் சந்தையில் போகிற வருகிறவர்களை நிறுத்திக் கேள்வி கேட்டே விரோதம் சம்பாதித்து, கடைசியில் விஷம் குடித்த கதையைச் சொன்னாய். அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "அந்த ஆளுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருந்தாங்களா?"

"இருந்தாங்கம்மா."

"அப்ப அவங்கள யாரு பாத்தா? ஊரெல்லாம் கேள்வி கேட்டாரே, அதக் கேட்டாரா?"

இன்னொரு நாள், கண்ணால் பார்ப்பது காதால் கேட்பது எதையும் நம்பாமல், எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு, சந்தேகப்படுகிற தான் ஒருவன் இருப்பது மட்டும்தான் நிச்சயம் என்று கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொன்னாய். குளிர்காலத்தில் அடுப்புப் பக்கத்தில் சூடாக உட்கார்ந்து யோசித்தாராம். அம்மா சிரித்துவிட்டாள். "அந்த அடுப்புக்கு வெறகு தூக்கிட்டு வந்தவனும் இருந்தான்ல? அவன் இருக்கானா இல்லையான்னு இவருக்குச் சந்தேகமாமா?" நீயும் சிரித்தாய். ஆனால் அன்று சாயந்தரம் வரை அதையே யோசித்துக்கொண்டு குழாயடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாய். அது எனக்குப் பிடித்திருந்தது. சொல்லவில்லை.

ஒரு புத்தகத்தை நானே எடுத்துப் பார்த்தேன், உனக்குத் தெரியாது. மனிதனுடைய சுதந்திரத்தைப் பற்றி ஓர் இங்கிலாந்துக்காரர் எழுதியது. என் அரைகுறை இங்கிலீஷுக்கு எட்டியது கொஞ்சம்தான். ஆனால் பக்க ஓரமெல்லாம் துரை பென்சிலால் கோடு போட்டிருந்தார். அழுத்தி, ஆசையாகப் போட்ட கோடு. அதே துரையின் கார் வருகிறது என்றால் நம் ஆட்கள் குடையை மடக்கிவிட்டு மழையில் ரோட்டோரம் இறங்கி நிற்கவேண்டும். நானும் நின்றிருக்கிறேன், சட்டைப் பையில் டெக்னிக்கல் காலேஜ் சான்றிதழோடு. எனக்குக் கோபம் வந்தது. புத்தகத்தின் மேலா, துரையின் மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி, 'தத்துவம்' என்று பேர் வைத்து மூலையில் தள்ளிவிட்டேன். உன் கடிதத்தின் மேல் செம்பை வைத்த கை அந்தக் கைதான்.

இனி, நீ லீவுக்கு வந்திருந்தபோது நடந்த ரோதை முனி கதைக்கு வருகிறேன். நீ எனக்கு ஞாபகப்படுத்தவே இல்லை, நானும் பேசவில்லை. தேயிலைக் கொழுந்தை உருட்டும் ரோதை மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் சூடேறி நின்றுபோகத் தொடங்கியிருந்தது. ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு தடவை. தண்ணீர்ப் பக்கத்து மூடியில் காஸ்கெட் இற்றுப்போய்க் கசிவதைப் பார்த்தேன். துரையின் புத்தக அட்டையில் புதிதாக வெட்டிப் போட்டேன். அன்று காலையிலேயே ஆட்கள் சங்கிலி மாமாவை முன்னால் விட்டுக்கொண்டு வந்தார்கள். ரோதை பார்க்கிறவரும் அவர்தான், ஸ்டோர் மூலையில் சூலம் நட்டிருக்கிற முனிக்குப் பூசாரியும் அவர்தான். "ஐயா, இந்த வருசம் முனிக்குச் சேவல் குடுக்கல. குடுக்காம பட்டன அமுக்குனா நாங்க ரோதைக்கிட்ட நிக்க மாட்டோம்" என்றார். எனக்கு அதையெல்லாம் கேட்க நேரமில்லை. ஆனால் ஆள் இல்லாமல் ரோதை ஓடாது. சேவல் அறுத்தார்கள், சாராயம் வைத்தார்கள், சுருட்டுப் பற்றவைத்தார்கள். நான் எஞ்சினைப் போட்டேன். ஓடியது. சூடு ஏறவில்லை.

ஆட்கள் முனியைக் கும்பிட்டார்கள். நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சேவலும் இல்ல, சாராயமும் இல்ல. காஸ்கெட்டு! நான் வெட்டுன காஸ்கெட்டு!" என்றேன். எனக்கு அறிவியல் தெரியும், அவர்களுக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்போதுதான் நீ, திருநீறு கூடக் காயாத நெற்றியோடு, நிதானமாகக் கேட்டாய்: "அப்பா, ரெண்டும் ஒரே காலையிலதான நடந்துச்சு? பூசையும் போட்டாச்சு, காஸ்கெட்டும் மாத்தியாச்சு. இதுல எது ஓட வச்சுதுன்னு அவங்களுக்கும் தெரியாது. ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

சங்கிலி மாமா, "கேக்குறான் பாரு ஒம் மவன்!" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் உன்னை அறைந்தேன். முனிக்கு முன்னால், அத்தனை பேருக்கு முன்னால்.

அதைப் பற்றி உருகி எழுதமாட்டேன். அறைந்தது தப்பு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. நீ பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாய். மழைக்குப் பிறகு கொழுந்து குவிந்தது; ரோதைகளுக்கு ஓய்வே இல்லை. எஞ்சின் பழையபடி சூடேறி நின்றது. ஆட்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் சங்கிலி மாமாவே முகத்துக்கு நேரே சொன்னார்: "முனி முன்னாடி புள்ளையக் கை நீட்டுனா அது சும்மா விடுமாங்க?" நான் போய் எஞ்சின் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்ற உன் குரல்தான் திரும்பத் திரும்ப வந்தது. டெக்னிக்கல் காலேஜில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பிறகு பார் என்பது. நான் அதைச் செய்யவில்லை. எஞ்சின் ஓடியதும் என் காஸ்கெட்டை நானே முனியாக்கிக் கும்பிட்டுவிட்டேன். ஓடிய பொருளை யார் திரும்பக் கழற்றிப் பார்ப்பார்கள்?

கழற்றினேன். பழைய காஸ்கெட்டின் ஒரு மூலை இற்று விழுந்திருந்தது அல்லவா, அந்த மூலையில்தான் தண்ணீர் போக ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. நான் மிச்சமிருந்ததை வைத்து அச்செடுத்ததால், அந்த இடத்தில் ஓட்டை வெட்டவே இல்லை. கசிவை நிறுத்தினேன், கூடவே தண்ணீரின் பாதி வழியையும் அடைத்துவிட்டேன். கொழுந்து குறைந்த நாட்களில் மீதி வழியே போதுமாக இருந்தது. கொழுந்து ஏறியதும் போதவில்லை. துரையின் தத்துவப் புத்தக அட்டைதான் எஞ்சினின் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டையை வெட்டிப் போட்டேன். அன்றைக்குப் பூசை இல்லை, வேறெந்த மாற்றமும் இல்லை. ஒரு வாரம் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டேன்.

மறைக்கவில்லை. மறுநாளே ஸ்டோர் வாசலில் நின்று, "தப்பு என்னோடது. ஓட்டை வெட்டாம போட்டுட்டேன்" என்று சத்தமாகச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "ஓட்டையாம் ஓட்டை! ஐயா முனிகிட்ட மன்னிப்புக் கேட்டாரு, அத வெளிய சொல்ல வெக்கம்" என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். ஸ்டோருக்கே பொறுப்பான டீமேக்கர் ஐயா கூட, "எதுக்கும் ஒரு தேங்காய ஒடைச்சிருங்களேன்" என்றார். ஊர் முழுக்கச் சொன்ன நான், கேள்வி கேட்டவனிடம் மட்டும் சொல்லவில்லை. அடுத்த லீவுக்கு நீ வந்தாய். ஸ்டோர் பக்கம் வரவே இல்லை. புத்தகங்களை அம்மாவிடம் சத்தமாகச் சொல்வதையும் நிறுத்திவிட்டாய், உனக்குள்ளேயே படித்தாய். நான் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். 'பையன் பொறுப்பா வந்துட்டான்' என்று டீமேக்கரிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன். முள் ஒட்டிக்கொண்டது அப்போதுதான் போலிருக்கிறது.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. சோறு போடுமா என்று கேட்டேனே, அது என் உண்மையான பயம் இல்லை. சொல்ல லேசான பயம். இந்த நாட்டில் கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளைகள் எத்தனை பேர் வீடு திரும்பவில்லை என்று நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் சிங்களப் பிள்ளைகள், வேறு பாஷை பேசினார்கள். அதனால் நமக்கு ஆறுதல் இல்லை. நம் பாஷை பேசுகிறவன் வாயைத் திறக்காமல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலே அடி விழுந்த காலத்தையும் பார்த்தாயிற்று. ஸ்பேனர் பிடித்தவனை யாரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள், அவன் எல்லாருக்கும் வேண்டும். அதனால்தான் உன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கப் பார்த்தேன். இந்தக் கணக்கில் இன்றைக்கும் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஆனால் உன்னைப் பத்திரமாக வைக்க, உன்னை நிறுத்தியே வைக்க வேண்டியிருக்கிறது. ஓடாத எஞ்சின் ஒருநாளும் சூடேறாதுதான். அதற்காக யாராவது எஞ்சின் வாங்குவார்களா?

பேராதனைக்குப் போ. அங்கே பெரிய பெரிய பேர்களைச் சொல்லி உன்னைப் பயமுறுத்துவார்கள். பயப்படாதே. அந்தப் புத்தகங்களை அட்டையில்லாமல், எண்ணெய்க் கறையோடு பார்த்தவன் நீ. அவற்றை எழுதியவர்களும் எங்கோ ஓர் ஓட்டையை வெட்ட மறந்திருப்பார்கள், தேடு. தேடிக் கண்டுபிடித்ததும் நான் ஸ்டோரில் ஆடிய மாதிரி ஆடாதே. சுதந்திரத்தைப் பற்றிப் படிக்கும்போது துரையின் பென்சில் கோட்டையும், மடக்கிய குடையையும் சேர்த்து வைத்துப் படி. துரை பொய்யாக வாழ்ந்தார் என்பதற்காகப் புத்தகம் பொய்யாகிவிடாது என்று இப்போது எனக்குப் புரிகிறது. அவர் கோடு மட்டும் போட்டார். நீ அதை நம் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசல் வரைக்கும் கொண்டு வந்து போட்டுப் பார், நிற்கிறதா என்று. யாராவது அடுப்போரம் உட்கார்ந்து யோசித்தார் என்று வந்தால், விறகு கொண்டு வந்தவனைப் பற்றிக் கேள். அந்தக் கேள்வியைக் கேட்டது உன் அம்மா என்று வகுப்பில் சொல். சங்கிலி மாமாவின் முனியைக் கேலி செய்கிற கூட்டத்தோடு சேராதே. அவர் சேவலை நம்பினார், நான் அட்டையை நம்பினேன். அன்று காலையில் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல். இதற்கு மேல் எனக்கு உபதேசம் வராது.

நேற்றுப் பதுளைக்குப் போனது பெல்ட் வாங்க என்று சொன்னேன். பெல்ட் வாங்கவில்லை. இப்போது கடைத்தெருவில் எல்லாச் சாமானும் கிடைக்கிறது. ஹார்ட்வேர்க் கடைக்கார முஸ்லிம் அண்ணன், நம் நானாவிடம் நல்ல காஸ்கெட் ஷீட் கேட்டேன். "எந்த எஞ்சினுக்கு மாஸ்டர்?" என்றார். "எஞ்சினுக்கு இல்ல நானா, பொஸ்தகத்துக்கு" என்றேன். அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "முந்தி பொஸ்தகத்த வெட்டி எஞ்சினுக்குப் போட்டீங்க. இப்ப எஞ்சின் ஷீட்ட வெட்டிப் பொஸ்தகத்துக்கா? ஒங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சு!" என்று சொல்லிச் சிரித்தார். பெட்டியில் மிஞ்சியிருந்தவற்றுக்கெல்லாம் அட்டை போட்டுவிட்டேன், பெல்ட் தைக்கிற ஊசியாலும் தோல் வாராலும் தைத்து. அழகாக இல்லை. எண்ணெய் வாடை அடிக்கும். ஆனால் தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. நடுவில் சில பக்கங்கள் இல்லை. என் கை துடைக்கப் போனவை. அங்கே நூலகத்தில் அந்தப் பக்கங்களைத் தேடிப் படித்து, என்ன இருந்தது என்று எனக்கு எழுது.

நாளைக் காலையில் ஒர்க்‌ஷாப்புக்கு நான் போகிறேன், நீ வரப்போவதில்லை என்று சொல்ல. கெஞ்சி வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வெட்கம்தான். அது என் பாடு.

இதைக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு இங்கேயேதான் நிற்பேன். படித்து முடித்ததும் வெளியே வா. "சரிப்பா" என்று மட்டும் சொல்லாதே. எதையாவது கேள். இந்தக் கடிதத்திலேயே தப்பு இருக்கும், அதையே கேள். அம்மா இருக்கட்டும், பக்கத்து வீட்டாரும் இருந்தால் இருக்கட்டும். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அப்பா